தோணிக்காரர் கனகசிங்கம் நித்திரை கொண்ட கதை

கனகசிங்கம் விழிப்பதற்கு முன்னால் அவருடைய வாய் விழித்துவிடும். அக்கரையில் யாராவது கையைக் குவித்து, "ஓ... தோணி!" என்று ஒரு குரல் விட்டால் போதும். கண் மூடியபடியே இருக்க, பாயில் கிடந்த மனிதர் "வாறன்!" என்பார். அதற்குப் பிறகுதான் தன்னை யாரோ கூப்பிட்டார்கள் என்பது அவருக்கே தெரியவரும்.

தாழையடித் துறைக்கு அவர்தான் தோணிக்காரர். அவருக்கு முந்தி அவருடைய தகப்பன். வாவியின் மேற்கே படுவான்கரை; வயலும் மாடும் அவருடைய வீடும் அந்தப் பக்கம். கிழக்கே எழுவான்கரை; பஸ் ஓடுகிற றோட்டு, சந்தை, மருந்துச்சாலை எல்லாம் அங்கே. பகலில் வாத்தியார்மாரும் மண்முட்டியில் தயிர் கொண்டுபோகிறவர்களும் கலியாணக்காரரும் ஏறுவார்கள். இரவில் வருகிற சனம் வேறு. பாம்பு கடித்தவன், வலி எடுத்த பெண், சாவுச் செய்தி சொல்லப் போகிறவன், கூத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன், கடைசி பஸ்ஸில் வந்திறங்கி வீட்டு நினைப்பில் நிற்கிறவன். யார் கூப்பிட்டாலும் இரண்டாம் குரலுக்கு அவர் வேலை வைத்ததில்லை.

"நம்மட துறையில ஒருத்தரும் காத்து நிண்டதில்ல" என்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அவருடைய மனைவி அன்னப்பூரணி நேர் எதிர். தலையைச் சாய்த்தால் சேவல் கூவும்வரை அசையமாட்டாள். பக்கத்து வளவுப் பெண்கள் கேலி செய்தால், "இவர் நித்திரை கொள்றல்லத்தானே, அதையும் சேத்து நான் கொள்றன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்தது. புருசன் எத்தனை தரம் எழும்பிப் போனார் என்பது காலையில் முற்றத்து ஈரக் காலடிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி முடிந்த நேரம். காலையில் பழஞ்சோற்றுப் பானையைத் திறந்த அன்னப்பூரணி, அதன் அடி தெரிவதைப் பார்த்தாள். பூனையோ என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். சீனிப் பேணியும் குறைந்துகொண்டே போனது.

"இரவில நீங்களா சாப்பிடுறீங்க?"

"அக்கரைக்குப் போய்வந்தா பசிக்குது புள்ள. என்னண்டு சொல்ல, வயித்துக்குள்ள ஆரோ இருந்து கேக்கிற மாதிரி."

முந்தி அவருக்கு அப்படிப் பசித்ததில்லை. நெஞ்செலும்பு தெரிகிற உடம்பு அவருக்கு. இப்போது ஒவ்வொரு தரம் எழும்பிப் போய்த் திரும்பும்போதும் ஒரு கோப்பை சோறு, அதற்கு மேலே சீனி அள்ளிப்போட்ட பிளேன்ரீ. வயிறு முன்னே வந்தது. சாரத்தை இன்னும் கீழே இறக்கிக் கட்டவேண்டியிருந்தது. அன்னப்பூரணி முதலில் சந்தோசப்பட்டாள், மனிதருக்குச் சதை பிடித்திருக்கிறது என்று. ஆனால் சதை பிடித்த மனிதருக்கு உசார் கூடவில்லை. இரண்டு நடை தோணி விட்டாலே மூச்சு வாங்கியது. ஒருவரையும் கடிந்து பேசாதவர், சில்லறைக் கதை கதைத்துக்கொண்டு தோணியில் எழும்பி நின்ற வாத்தியார் ஒருவரை "இருங்க ஐயா, உங்களுக்குக் கண் தெரியாதா?" என்று அதட்டிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அம்மன் கோயில் சடங்கில் ஊரெல்லாம் கைகூப்பி நிற்க, அவர் கைகூப்பியபடியே குறட்டை விட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவருக்கு அம்மன் உரு வந்துவிட்டது என்று விலகி இடம் கொடுத்தார்கள்.

பிறகு தாகம் வந்தது. குடத்தோடு தூக்கிக் குடித்தார். குடித்த தண்ணீர் உடம்பில் நிற்கவில்லை. வளவு மூலையில் இருந்த பூவரசடிக்கு ஓயாத நடை. ஒரு காலை கூட்டிப் பெருக்கப்போன அன்னப்பூரணி, பூவரசின் அடியில் எறும்பு மொய்த்துக் கிடப்பதைப் பார்த்தாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். கனகசிங்கத்தின் தாய் கடைசிக் காலத்தில் இதே மாதிரித் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதும், காலில் வந்த புண் ஆறாமலே போனதும் அவளுக்கு நினைவு வந்தது. கனகசிங்கத்தின் குதிக்காலில் மட்டி ஓடு கிழித்த காயமும் ஆறுகிற பாடாக இல்லை.

மருந்துச்சாலைக்குப் போவோம் என்றால் அவர் வரமாட்டார். "எனக்கென்ன? தோணியை ஆர் பாக்கிற?" என்பார். ஆகவே அன்னப்பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

"என்னகா செய்யுது?"

"வயித்துக்குள்ள முறுக்குது. என்னை அப்போதிக்கரி ஐயாட்டக் கொண்டுபோங்க."

பதறிப்போய்த் தோணியை விட்டார். கரை தட்டியதும் அவள் குதித்து இறங்கிய வேகத்தைப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்ததுதான். மருந்துச்சாலைக்குள் போனதும் அன்னப்பூரணி வாங்கிலில் அவரை இருத்திவிட்டு, "எனக்கு ஒண்டுமில்ல ஐயா, இவரைப் பாருங்க" என்றாள்.

அப்போதிக்கரி வின்சன்ற் மட்டக்களப்பு ரவுணில் பிறந்தவர். மெலிந்த உடம்பு, எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை. கனகசிங்கத்தின் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். இரண்டு பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கட்டி நிறத்துக்கு வந்து நின்றது.

"சீனி" என்றார் வின்சன்ற். "கூடுதலா இருக்கு. உங்கட தாய் தகப்பன் ஆருக்காவது இருந்ததா?"

"அம்மாக்கு" என்றாள் அன்னப்பூரணி.

என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சீனி போடுகிறார் என்றெல்லாம் கேட்டு வந்தவர், கடைசியாக, "இரவில எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்வீங்க?" என்றார்.

கனகசிங்கம் சிரித்தார். "நித்திரையா? அது இடைக்கிடை வரும் போகும் ஐயா."

வின்சன்ற் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"உடம்புக்குள்ள சில சுரப்பிகள் இருக்கு. அதில இருந்து வாற சாறுகளை ஓமோன் எண்டு சொல்லுவம். எப்ப பசிக்கவேணும், எப்ப வயிறு நிறைஞ்சது, ரத்தத்தில எவ்வளவு சீனி நிக்கவேணும், எல்லாத்துக்கும் அதுகள்தான் பொறுப்பு. அதில இன்சுலின் எண்டு ஒண்டு, ரத்தத்தில இருக்கிற சீனியை எடுத்து உடம்புக்குள்ள அனுப்புறது. இன்னொரு சாதி இருக்கு, பயந்தா, திடுக்கிட்டா உடனே பாயும். யானை கலைச்சா ஓடவேணும்தானே, அதுக்காகச் சீனியை எடுத்து ரத்தத்தில விடும். இன்சுலின் செய்த வேலைக்கு எதிர் வேலை."

"என்னை எந்த யானை கலைக்குது ஐயா?"

"நித்திரையில இருக்கிற ஆளை 'ஓ தோணி' எண்டு எழுப்பினா உடம்புக்கு அதுவும் யானைதான். ஒரு இரவில எத்தனை யானை? எத்தனை வருசமா? அம்மாட வழியில வந்த குறை உள்ளுக்கு இருந்திருக்கும். நித்திரை இல்லாம, அதுக்குமேல சோறும் சீனியும் ஏத்தி, நீங்க அதை எழுப்பி விட்டிருக்கிறீங்க." குழாயைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்பிடித்தான் எண்டு புத்தகத்தில அடிச்சு எழுதிக் கிடக்கு எண்டு சொல்லமாட்டன். நான் பெரியாஸ்பத்திரியில வேலை செய்தனான். இரவு வேலைக்காரர் எல்லாருக்கும் இந்தப் பேய்ப்பசி வரும். பகல் வேலைக்கு மாறினா ஒரு மாதத்தில போயிடும். கண்ணால கண்டது."

மாத்திரை கொடுத்தார். சீனியை நிறுத்தச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் கனகசிங்கம் தலையாட்டினார். "இரவில முறியாம நித்திரை கொள்ளவேணும்" என்றபோது மட்டும் தலை ஆடவில்லை.

"அக்கரையில ஆள் கூப்பிட்டா?"

வின்சன்ற் அன்னப்பூரணியைப் பார்த்தார்.

அன்னப்பூரணி வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். இனி இரவுத் தோணி அவளுடையது. அவள் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். கம்பு ஊன்றத் தெரியும். ஆனால் நடந்தது என்ன? குரல் வந்தால் அவள் காதில் விழாது. கனகசிங்கம்தான் "வாறன்!" என்று சொல்லிவிட்டு அவளை உலுக்கி எழுப்பவேண்டும். அவள் தோணி எடுத்துப் போனால் இவர் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று, அவள் திரும்பும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் முழித்த வீட்டில் இரண்டு பேர் முழித்தார்கள். சில நாளிலேயே அன்னப்பூரணியும் பழஞ்சோற்றுப் பானையில் கைவைக்கத் தொடங்கினாள்.

"வேற ஆரையாவது விடுவமே" என்று அவள் ஒரு மத்தியானம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆரை விடுற? அப்பாட துறை இது. என்னை நம்பித்தான் கூப்பிடுறாங்க."

"அவங்களுக்குத் தோணி வந்தாச் சரி. நீங்கதான் வரவேணும் எண்டு ஆரும் அழுறல்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. கனகசிங்கம் சாப்பிட்டுக் கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். பசியோடு இருந்த மனிதர் பாதிச் சோற்றில் எழும்பியதை அவள் அன்றுதான் கண்டாள்.

அதற்கு முடிவு கட்டியது தயிர்.

எழுவான்கரைச் சந்தையில் தயிர் விற்கிற உசனார், படுவான்கரைப் பட்டிகளுக்கு வந்து முட்டி முட்டியாக வாங்கிப் போவார். கனகசிங்கத்தோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று நல்ல வெயில். தோணி நிறையத் தயிர் முட்டி. நடுவில் உசனார் குடை பிடித்துக்கொண்டு, யாருக்கோ பெண் பேசின கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் நின்று கம்பு ஊன்றிய கனகசிங்கம், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் "ம்" சொல்லவில்லை. கம்பைப் பிடித்தபடி, நின்ற வாக்கிலேயே நித்திரையாகிவிட்டார். தோணி தன்பாட்டில் திரும்பி, இறால் பிடிக்க நட்டிருந்த கம்புகளில் போய் மோதிக் கவிழ்ந்தது.

நெஞ்சளவு தண்ணீர்தான். கனகசிங்கம் திடுக்கிட்டு எழும்பிப் பார்த்தபோது சுற்றிவர வாவி வெள்ளையாகக் கிடந்தது. வெறும் முட்டிகள் மிதந்தன. அந்த வெள்ளைக்கு நடுவில் உசனாரின் தலை மெதுவாக மேலே வந்தது. தாடியிலிருந்து தயிர் வடிந்தது.

கனகசிங்கத்துக்கு உயிர் போய் வந்தது. "மச்சான்... மச்சான்..." என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கிட்டப் போனார்.

உசனார் வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டு, "நல்ல தயிர்தான் மச்சான்" என்றார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "இதுக்குள்ள புள்ளத்தாய்ச்சி ஒருத்தி இருந்திருந்தா என்ன செய்வாய்? நீ நித்திரை கொள்ற வரைக்கும் நான் உன்ட தோணியில ஏறமாட்டன். சந்தையில சொல்லி ஒருத்தரையும் ஏறவும் விடமாட்டன்."

கரைக்கு வந்த இரண்டு வெள்ளை மனிதர்களையும் பார்த்த அன்னப்பூரணி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அன்று பின்னேரம் அவளும் உசனாரும் இருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். உசனாரின் தம்பி அசனார் கொஞ்ச நாளைக்குத் தோணியைப் பார்ப்பது. கனகசிங்கம் தண்ணீர்ச் சத்தமே கேட்காத இடத்துக்குப் போவது. அவருடைய தங்கை சீதேவிப்பிள்ளை கரடியனாறு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். காடும் வயலும்தான் அங்கே, ஆறு எட்டத்தில். இந்த முறை கனகசிங்கம் எதிர்த்துப் பேசவில்லை. தயிர் அவருடைய வாயை அடைத்திருந்தது.

கரடியனாற்றுக்குப் போன மறுநாள் காலை, தங்கையின் புருசன் கதிர்காமத்தம்பி முற்றத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். வயல் வட்டையில் யானை வந்து, பரண் காவல்காரர் இரவெல்லாம் கூக்குரல் போட்டார்களாம். ஒவ்வொரு குரலுக்கும் வீட்டுக்குள்ளே இருந்து "வாறன்! வாறன்!" என்று பதில் போயிருக்கிறது. காவல்காரர் இருவர் விடியமுன் வந்து, "ஆரு இங்க இருந்து வாறன் வாறன் எண்டு சொல்ற? ஒருத்தரும் வரல்லியே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் போகப்போக அந்தப் பதில் மெலிந்தது. ஒரு இரவு முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கனகசிங்கம் நித்திரை கொண்டார். பொழுது உச்சிக்கு வந்த பிறகும் நித்திரை கொண்டார். எழும்பி, முகம் கழுவி, கொஞ்சம் சாப்பிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து அங்கேயே சரிந்தார். சீதேவிப்பிள்ளை இடைக்கிடை வந்து அண்ணனின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். இத்தனை வருச நித்திரையும் கூட்டமாக வந்து வாசலில் நின்றதுபோல இருந்தது.

பிறகு ஒரு நாள் அவர் கோப்பையில் சோறு மிஞ்சியது. சீதேவிப்பிள்ளையின் முகம் சுருங்கியது.

"கறி நல்லா இல்லியா அண்ணன்?"

"கறி நல்லாத்தான் புள்ள இருக்கு. வயிறு போதும் எண்டு சொல்லுது." சொல்லிவிட்டு அவரே அதிசயப்பட்டுக் கோப்பையைப் பார்த்தார். "போதும் எண்டு அது சொல்லிக் கனகாலம்."

குடத்தோடு குடிக்கிற தாகம் அடங்கியது. குதிக்காலில் காயம் காய்ந்து தோல் பிடித்தது. வின்சன்ற் கொடுத்த மாத்திரையும் வேலை செய்திருக்கும். பின்னேரங்களில் கதிர்காமத்தம்பியோடு வரம்பு வழியே நடந்ததும் வேலை செய்திருக்கும். கனகசிங்கம் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கவில்லை. முகம் கழுவும்போது தண்ணீரில் தெரிந்த முகம் தனக்குப் பழக்கமான முகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அறுவடை தொடங்கும் நேரத்தில் ஊர் திரும்பினார். வீட்டுக்குப் போகமுதல் துறைக்குப் போனார். தோணி கட்டியிருந்தது. புதுக் கயிறு. அசனார் ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருவரும் காத்து நிற்கவில்லை, ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. கனகசிங்கம் கரையில் குந்திக்கொண்டு அதைப் பார்த்தார். அன்னப்பூரணி சொன்னது சரிதான், தோணி வந்தால் போதும்.

அவர் வந்தது கேள்விப்பட்டு அவள் ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்கு நான் ஒரு கதை சொல்லிப்போட்டன். அது தோணிக்குச் சொன்னது. எனக்கு நீங்கதான் வரவேணும்."

கனகசிங்கம் வாவியைப் பார்த்தபடி, "வந்திட்டன்தானே" என்றார்.

அசனார் எழுவான்கரையில் துறைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவன். இரவில் கூடுதலாகக் குரல் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். அவனிடம் ஒரு தோணி இருந்தால், அங்கே நிற்கிறவர்கள் வாவி முழுக்கக் கேட்கக் கத்தவேண்டியதில்லை. அவன் கதவைத் தட்டினால் போதும். படுவான்கரையில் யாருக்காவது அவசரமென்றால் மட்டும் கனகசிங்கத்திடம் வருவார்கள். உசனார் இதைச் சொன்னபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருசமாக ஏன் இது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை? உசனாரே தேடிப் பிடித்து ஒரு பழைய தோணியைக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தார். கனகசிங்கம் அதற்குத் தன் கையால் கீல் பூசினார்.

வின்சன்ற்றின் கண்ணாடிக் குழாய் இந்த முறை பச்சையில் நின்றது.

"நீலம் வரல்லியே ஐயா" என்றாள் அன்னப்பூரணி.

"வராமலும் போகலாம். அம்மாட வழி அது, முழுக்க விட்டுப்போகாது. ஆனா செங்கட்டியில இருந்து பச்சைக்கு வந்திருக்கு. இப்பிடியே வைச்சிருங்க."

அப்படியே வைத்திருந்தார்கள். சடங்கு, கூத்து என்று நித்திரை முறிந்த கிழமைகளில் பச்சை மஞ்சளுக்கு ஏறும். அன்னப்பூரணி உடனே படலையைச் சாத்திவிட்டு, வளவுக்குள் நாய் குரைத்தால்கூட அதை விரட்டிக்கொண்டு ஓடுவாள். ஊருக்கும் பழகிவிட்டது. அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

சில வருசங்களுக்குப் பிறகு வின்சன்ற்றுக்கு மாற்றலாகியது. போகமுதல் ஒருநாள் அன்னப்பூரணி அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். பிந்திக் கலியாணம் முடித்தவர் அவர். வீட்டில் பல் முளைத்து இரவெல்லாம் அழுகிற கைக்குழந்தை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வெள்ளைக் காற்சட்டை கசங்கியிருந்தது. இறால் குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் தரமும் சோறு வாங்கி, அதற்கு மேலே தயிரும் சீனியும் போட்டுக்கொண்டார். கனகசிங்கமும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் அவசரமாகத் தோணியில் ஏறினார். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய தலை தோளில் சாய்ந்தது, பிறகு தோணியின் பக்கப் பலகையில் சாய்ந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது.

கனகசிங்கம் இரண்டு ஊன்று ஊன்றினார். மூன்றாவதில் கம்பைச் சேற்றில் ஆழக் குத்தி, தோணியை அதில் கட்டினார். தன் தோள் சால்வையை எடுத்து வெயில் படாமல் வின்சன்ற்றின் முகத்துக்கு மேலே பிடித்தார்.

படுவான்கரையில் நின்ற அன்னப்பூரணி, தோணி ஏன் நடுவில் நிற்கிறது என்று கையை ஆட்டிக் கேட்டாள். அவர் விரலை வாயில் வைத்துக் காட்டினார். எழுவான்கரையில் வெறும் தயிர் முட்டிகளோடு நின்ற உசனார் கத்துவதற்காகக் கையைக் குவித்தவர், குவித்த கையை அப்படியே இறக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் வின்சன்ற் கண்ணைத் திறந்தார். சால்வையைப் பார்த்தார், சுற்றிவரத் தண்ணீரைப் பார்த்தார், பதறிக்கொண்டு எழும்பினார்.

"பஸ் போயிற்றா?"

"போயிற்று ஐயா" என்றார் கனகசிங்கம், கம்பைச் சேற்றிலிருந்து பிடுங்கித் தோணியைப் படுவான்கரைப் பக்கம் திருப்பியபடி. "நாளைக்கும் வரும். வாங்க, கிறுகி வீட்ட போவம். அன்னம் பாய் போட்டு வைச்சிருப்பா."